பந்தல்குடிப் பருத்தியும் ஒரு ‘சின்ன மாற்றமும்’

புதிதாக நம் குழுவுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஓய்வு பெற்ற பிறகும் என் பெயரைக் குழுவின் அஞ்சல் பட்டியலில் இருந்து நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். அது மரியாதையா மறதியா என்று தெரியவில்லை. எதுவானாலும் நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்கும் வருகிறது. எனக்கும் வேறு சோலி இல்லை, எல்லாவற்றையும் படிக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு கணித நூலகத்தின் புதிய பதிப்பைச் சேர்த்திருந்தார். அதோடு அதில் நாம் போட்டிருந்த பழைய ஒட்டு ஒன்றையும், அதாவது பேட்சையும், நீக்கியிருந்தார். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் ‘சின்ன மாற்றம்தான்’ என்று இருந்தது. படித்தபோது எனக்கு வந்த எரிச்சலுக்கு அருப்புக்கோட்டையின் சித்திரை வெயில் எவ்வளவோ தேவலை.

யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அவருக்கே தெரியும். ஆனால் இந்த ‘சின்ன மாற்றம்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்பதை ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் சோதனைகள் ஓடி முடியும் வரை காத்திருப்பீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் படியுங்கள். சோதனை ஓட்டுவதே இல்லை என்றால் இப்போதே படியுங்கள்.

முதலில் நம் வேலை என்ன என்பது. இதை என் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. லினக்ஸ் என்பது ஒரே ஆள் செய்து தரும் பொருள் அல்ல. உலகத்தின் மூலை முடுக்கில் இருப்பவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்த்துக் கட்டி, மக்களிடம் கொடுப்பது நம் வேலை. அதில் என் பங்கு கணித நூலகங்கள். மற்ற மென்பொருள்கள் தங்களுக்குத் தேவையான கணக்கைத் தாங்களே போடாமல் இந்த நூலகங்களிடம் கொடுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும். நான் ‘கணித லைப்ரரியில் வேலை’ என்று சொன்னதை நம்பி, மல்லாங்கிணற்றில் இருந்து என் கணவர் வழி உறவுக்காரர் ஒருவர் பிளஸ் டூ கணக்குக்கு நல்ல கைடு இருந்தால் எடுத்து வைக்கச் சொன்னார். இல்லை என்றதும் நான் கர்வம் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நூலகத்தின் பதிப்பை மாற்றும்போது அதை நம்பியிருக்கும் மென்பொருள்கள் பழையபடி வேலை செய்ய வேண்டும். ஒத்துப்போக வேண்டும் என்று நாம் சொல்வது அதைத்தான். ஒத்துப்போகாமல் உடைவதில் இரண்டு வகை உண்டு. சத்தம் போட்டு உடைவது ஒன்று. மென்பொருள் திறக்காது, பிழைச் செய்தி வரும், உலகமே நம்மைத் திட்டும், நாமும் அன்றைக்கே சரி செய்துவிடுவோம். அது நல்ல உடைசல். இன்னொன்று வாயைத் திறக்காமல் உடைவது. எல்லாம் ஓடும், விடையும் வரும், யாரும் திட்ட மாட்டார்கள். விடை மட்டும் வேறாக இருக்கும். நான் சொல்லப் போவது இந்த இரண்டாவது வகை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. நாம் கொடுத்திருந்த ஒரு கணித நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை எழுதியவர்கள் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டார்கள். அதோடு நிறுத்தினார்களா என்றால் இல்லை. கையோடு கையாக உள்ளே பல பகுதிகளை வேகமாக ஓடும்படி மாற்றியும் எழுதிவிட்டார்கள். ஓட்டையை அடைத்த பகுதியை மட்டும் தனியே பிரித்து எடுக்க முடியவில்லை. முழுப் பதிப்பையும் எடுத்தாக வேண்டும். எடுத்தோம். நம் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. முந்தையதைவிட வேகமாகவும் ஓடியது. அவர்கள் தந்த குறிப்பில் உள்ளே சின்னச் சின்ன மாற்றங்கள் என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல் அப்போதிருந்தே என்னைத் துரத்துகிறது.

புதுப்பிப்பு எல்லோருடைய கணினிக்கும் போன பிறகு, நம் பிழைப் பட்டியலில் ஒரு புகார் வந்தது. பிழையான ஆங்கிலத்தில் நாலே வரி. அப்டேட் ஆனதில் இருந்து நல்ல பருத்தி கெட்ட பருத்தி ஆகிவிட்டது, கெட்ட பருத்தி நல்ல பருத்தி ஆகிவிட்டது, தயவுசெய்து ஆவன செய்யவும். கீழே ஊர் பெயர் பந்தல்குடி என்று இருந்தது.

நம் குழுவில் ஒருவர் அதைப் பார்த்து, ‘எங்கள் பிழை அல்ல’ என்று முத்திரை குத்தி மூடிவிட்டார். அவர் இருப்பது எங்கோ ஒரு குளிர்தேசத்தில். பருத்தி என்பது சட்டையாக மட்டுமே அவருக்குப் பழக்கம். நான் இருப்பது அருப்புக்கோட்டையில். தூத்துக்குடி ரோட்டில் பஸ் ஏறினால் பந்தல்குடி வந்துவிடும். உலகம் முழுவதற்குமான பிழைப் பட்டியலில் பக்கத்து ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. புகாரில் இருந்த எண்ணுக்குப் பேசினேன்.

எடுத்தவர் முருகேசன். அங்கே பருத்திக் கமிஷன் கடை வைத்திருப்பவர். சுற்று வட்டாரத்து மானாவாரிப் பருத்தி அவர் கடைக்கு வரும், தரம் பார்த்து மில்லுக்கு அனுப்புவார். நான் யார் என்று சொன்னதும், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து ஆள் தேடி வந்துவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம். நான் கம்பெனி இல்லை என்று சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. மறுநாள் காலை போனேன்.

கடை வாசலில் பெரிய போர்டு. ‘இங்கு கம்ப்யூட்டர் சொல்வதே முடிவு. கைத்தரம் கிடையாது.’ அதற்கு ஒரு காரணம் இருந்தது. கையால் பஞ்சை இழுத்துப் பார்த்துத் தரம் சொன்ன காலத்தில் தினமும் சண்டையாம். உன் மச்சினன் பருத்தி என்றால் மேல் தரம், என் பருத்தி என்றால் கீழ் தரமா என்று சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். சலித்துப்போன முருகேசன் அண்ணாச்சி ஒரு அளவுக் கருவி வாங்கினார். பஞ்சின் நீளம், வலு, நிறம், தூசி எல்லாவற்றையும் அது அளக்கும். இன்ஜினியரிங் படித்த அவருடைய அக்கா மகன், அந்த அளவுகளை எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்கி, மேல் தரம் அல்லது கீழ் தரம் என்று காட்டும் மென்பொருளை எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். தரம் எல்லோருக்கும் தெரியும்படி கடை முற்றத்தில் பெரிய டிவியை மாட்டினார் அண்ணாச்சி. அன்றோடு சண்டை நின்றது.

நம் புதுப்பிப்பு போய்ச் சேர்ந்ததும் அந்த டிவி தலைகீழாகப் பேச ஆரம்பித்தது. அண்ணாச்சிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் போர்டு அவரே மாட்டியது. இதுவரை கம்ப்யூட்டரைக் காட்டி எத்தனை பேரின் வாயை அடைத்திருப்பார். திடீரென்று அது தப்பு என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் சொன்னபடி தூசிப் பருத்தியை மேல் தரமாக மில்லுக்கு அனுப்பினார். மில்லில் இருந்து லோடு அப்படியே திரும்பி வந்தது. கூடவே நாலு கெட்ட வார்த்தையும் வந்தது. அதற்குப் பிறகுதான் வாங்குவதை நிறுத்திவிட்டு, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அந்த நாலு வரியை எழுதச் சொல்லியிருக்கிறார்.

மென்பொருளைத் திறந்து பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டும், கவனமாகக் கேளுங்கள். நூலகம் என்ன செய்கிறது என்றால், எல்லாப் பருத்தி மாதிரிகளையும் பார்த்து, அவை அதிகமாக வேறுபடுவது எந்தக் கோட்டின் வழியே என்று கண்டுபிடித்துத் தருகிறது. அந்தக் கோட்டின் ஒரு முனை நல்ல பருத்தி, மறுமுனை மட்டமான பருத்தி. ஆனால் எது தலை, எது வால் என்று நூலகம் சொல்லாது. கணிதத்தில் அதற்கு விதியும் கிடையாது. அருப்புக்கோட்டையில் நிற்பவருக்கு அது தூத்துக்குடி ரோடு. எட்டயபுரத்தில் நிற்பவருக்கு அதே ரோடு மதுரை ரோடு. ரோடு ஒன்றுதான், இரண்டு பெயரும் சரிதான்.

பழைய பதிப்பு எப்போதும் ஒரே முனையில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எண்ணுவேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, தற்செயலாக அப்படி அமைந்திருந்தது. எண் பெரிதாக இருந்தால் நல்ல பருத்தி என்று அந்தப் பையன் எழுதிவிட்டான். புதிய பதிப்பு மறுமுனையில் இருந்து எண்ணியது. ஒரு குறி மாறியது, கூட்டல் கழித்தலானது, பெரிய எண் சிறியதானது, சிறியது பெரியதானது. நம் சோதனைகளோ இரண்டு குறியையும் சரி என்று ஏற்கும்படி எழுதப்பட்டவை. கணிதம் தெரிந்தவர்கள் எழுதிய சோதனைகள், வேறு எப்படி இருக்கும்?

அண்ணாச்சியின் மென்பொருளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. நீளமான பஞ்சு உள்ள பக்கம்தான் தலை என்று சொல்லிவிட வேண்டும். நான் விசைப்பலகையில் கை வைக்கப் போனேன். அண்ணாச்சி பதறிப்போய்க் கையை நீட்டி மறித்தார்.

“நீங்க கை வைக்காதீகம்மா. முத்தத்துல இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காக. யாரோ ஒரு பொம்பளைய கூட்டியாந்து தரத்தை மாத்திட்டான்னு நாளைக்கு ஊரு சிரிக்கும். அப்டேட்டு மேல இருந்து வந்துச்சா? கெடுத்ததும் அதுதான? அப்ப அங்கிட்டு இருந்தே சரியாகி வரட்டும்.”

நான் எவ்வளவோ சொன்னேன். மேலே யாரும் இல்லை, அந்த மேலே என்பதில் நானும் ஒருத்தி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கை வைத்துத் தரம் சொல்வதில்லை என்பது அவர் கொடுத்த வாக்கு. அந்த வாக்கில் என் கையும் அடங்கும். அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் நியாயம் எனக்குப் புரிந்து தொலைத்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

முற்றத்தில் ஒரு டிராக்டர் டிப்பர் நிறையப் பருத்தி நின்றது. பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் பேச்சியம்மாள், திருச்சுழி பக்கம் கிராமம். டிவி தலைகீழான பிறகு வந்த முதல் லோடு அவருடையது. ஊரே பார்க்கக் கீழ் தரம் என்று வந்துவிட்டது. அவர் லோடைத் திருப்பிக்கொண்டு போக மறுத்து, பொழுது வெளுத்ததும் வந்து உட்கார்வதும் கடைசி பஸ்ஸுக்குப் போவதுமாக இருந்தார். மறுபடி ஒருமுறை மெசினில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. அண்ணாச்சியும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் கீழ் தரம்.

என்ன அவசரம் என்று விசாரித்தேன். அவருக்கு இருப்பது ஒரு துண்டு கரிசல், ஒரு துண்டு செவல். செவலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரிசலில்தான் பருத்தி. அந்தக் கரிசலைச் சுற்றி உள்ளவர்கள் எல்லோரும் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஒரு தலைமுறைக்கான குத்தகை. எழுதிக் கொடுத்தால் மகன் காலத்துக்குப் பிறகுதான் நிலம் கைக்கு வரும். மகன் கருப்பசாமி விட்டுவிடலாம் என்கிறான், இவர் வேண்டாம் என்கிறார். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இந்த வருட எடுப்பு மேல் தரம் என்று வந்தால் பருத்தி தொடரும், கீழ் தரம் என்றால் நிலம் சோலாருக்கு. நாளை மறுநாள் திருச்சுழி பத்திர ஆபீசில் கையெழுத்து.

கருப்பசாமியும் அங்கேதான் இருந்தான். என் மடிக்கணினியில் பழைய பதிப்பு இருந்தது. அண்ணாச்சியின் அளவுகளை வாங்கி அதில் ஓட்டி, அவன் அம்மாவின் பருத்தி மேல் தரம் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அவன் நல்ல பையன், மரியாதையாகவே கேட்டான். அப்படியானால் பெரிய டிவி சொல்வது தப்பா என்றான். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ரோட்டுக் கதையைச் சொல்லி, கணக்குப்படி இரண்டுமே சரிதான் என்று விளக்க ஆரம்பித்தேன்.

“ஒங்க பொட்டி ஒண்ணு சொல்லுது, அவுக பொட்டி ஒண்ணு சொல்லுது. ரெண்டும் சரின்னு நீங்களே சொல்றீக” என்றான். “அப்புறம் நான் எதைய நம்பி நிலத்த விடாம இருக்க, மேடம்?”

இத்தனை வருடப் பணியில் இதைவிட நல்ல பிழைப் புகாரை நான் படித்ததில்லை. அந்தக் கேள்வியோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மூடிய புகாரைத் திறந்தேன். ஒரு சின்ன ஒட்டும் எழுதினேன். நூலகம் விடை சொல்வதற்கு முன்பு, பழைய பதிப்பு எந்த முனையைத் தலை என்று வைத்திருந்ததோ அதையே தலை என்று வைக்கும் ஒட்டு. வேகம் குறையாது, பாதுகாப்பு ஓட்டையும் திறக்காது. பிறகு நம் வெளியீட்டுப் பொறுப்பாளரை அழைத்தேன். தூரத்து நகரத்துக்காரர், கணிதத்தில் முனைவர் பட்டம், பூனைக்குட்டியைப் போலச் சாந்தமான குரல். அவரோடு சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துவதைப் போல.

அவர் சொன்னது எல்லாமே நியாயம். தப்பு அந்தப் பருத்தி மென்பொருளுடையது, நூலகத்துடையது அல்ல. நாம் ஒட்டுப் போட்டால் நூலகத்தை எழுதியவர்களிடம் இருந்து நம் பதிப்பு விலகிப் போகும். இன்று ஒரு குறியைக் காப்பாற்றுவோம் என்று ஒப்புக்கொண்டால், அது வாக்குறுதி ஆகிவிடும், என்றைக்கும் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் வந்திருப்பது ஒரே ஒரு புகார். எதற்கும் வரும் வாரக் கூட்டத்தில் பேசலாம் என்றார்.

வரும் வாரம் எனக்கு ஒத்துவராது, இன்று மாலையே கூட்டம் போடுங்கள் என்றேன். போட்டார். எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் கணிதம் பேசினார்கள். ஒருவர், எந்த முனை தலை என்று தெரியாமல் இதைப் பயன்படுத்துபவர் இதைப் பயன்படுத்தவே கூடாது என்றார். நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். புகார் ஒன்றுதான், ஆனால் புகார் எழுத வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் என்றுதான் அதற்கு அர்த்தம். மற்றவர்கள் விடை வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். எங்கே என்ன தலைகீழாகிக் கிடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? கடைசியாக ஒன்று கேட்டேன். இரண்டும் சரி என்றால், பழையதையே வைத்துக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் எதுவும் இல்லை என்று பொறுப்பாளரே சொன்னார். ஆனால் அது வாக்குறுதி ஆகிவிடுமே என்று மறுபடி கேட்டார். ஆமாம், வாக்குறுதிதான் என்றேன். ஒட்டு ஏற்கப்பட்டது.

இதற்கு மேல் அவசரப்படுத்த முடியாத வேலைகள் உங்களுக்கே தெரியும். நூலகத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதை நம்பியிருக்கும் மற்றவற்றோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். மறுநாள் முழுவதும் அதில் போனது. பிறகு உலகம் முழுக்க உள்ள சேவையகங்களுக்குப் பரவ வேண்டும். கையெழுத்து நாள் காலையில் அண்ணாச்சியை அழைத்து, கம்ப்யூட்டரைப் போட்டு வையுங்கள், அப்டேட் வந்துவிட்டது என்றேன்.

“கரண்டு இல்லையேம்மா. இன்னைக்கி மாசாந்திர ஷட்டவுனு. சாயந்தரந்தான் வரும்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. கருப்பசாமியை அழைத்தேன். திருச்சுழி பத்திர ஆபீசில் வரிசையில் நிற்பதாகச் சொன்னான். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், கம்பெனி ஆட்கள் சென்னையில் இருந்து வந்திருக்கிறார்கள், ஒருவர் விலகினால் எல்லோருடையதும் தள்ளிப்போகும். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அவன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பிறகு அவனும் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டதற்கும் எடுக்கவில்லை.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பந்தல்குடிக்குப் போனேன். கரண்ட் வரும்வரை அண்ணாச்சியும் நானும் இருட்டான டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். வெயில் சாய்ந்த பிறகு கரண்ட் வந்தது. கணினி எழுந்து, புதுப்பிப்பை இறக்கி, தானாகவே அணைந்து, தானாகவே எழுந்தது. யாரும் அதில் கை வைக்கவில்லை. அந்த விஷயத்தில் அண்ணாச்சி தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பேச்சியம்மாளும் கருப்பசாமியும் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார்கள். அந்த அம்மாளின் பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. பத்திரத்தில் ரேகை வைத்தாகிவிட்டது.

அவர் நேராக டிப்பருக்குப் போய், ஒரு கைப்பிடி பருத்தியை எடுத்து வந்து அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி கொட்டையைப் பிரித்து, பஞ்சைக் கருவியில் வைத்தார். முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். மேல் தரம் என்று வந்தது.

“பாத்துக்கிட்டியாலே” என்றார் பேச்சியம்மாள் மகனிடம். அதில் கோபம் இல்லை. கருப்பசாமி டிவியையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு வெளியே போய் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தைப்படிதான் நடந்தான். எல்லோரும் அவரவர் வார்த்தைப்படிதான் நடந்தார்கள். கணக்கும் கடைசி வரை சரியாகத்தான் இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மீதியிருந்த பஞ்சை விரலால் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு இது மாறிராதுல்ல, தாயி?”

நிலம் கையை விட்டுப் போன பிறகு அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது விளங்கியது. அந்தக் கரிசலின் கடைசி எடுப்பு மேல் தரம் என்று ஊர் பார்த்துவிட்டது. அதையாவது யாரும் மறுபடி மாற்றிவிடக் கூடாது. அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அந்த இடத்திலேயே, மாறாது என்று சொல்லியிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் நீக்கினாரே ஒரு பழைய ஒட்டு, அது இதுதான். எதற்கென்று தெரியவில்லை, எடுத்த பிறகும் சோதனைகள் எல்லாம் தேறுகின்றன என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார். தேறத்தான் செய்யும். அன்றைக்கும் தேறின. எதற்கென்று அந்த ஒட்டின் தலையிலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் மேலே தள்ளிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணாச்சியின் கடையில் டிவி இன்றும் ஓடுகிறது, அந்தப் போர்டும் இறங்கவில்லை, அக்கா மகன் இன்னும் கப்பலில்தான் இருக்கிறான்.

உங்கள் புதிய பதிப்பு இன்னும் வெளியே போகவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். நாளைக் காலை போகிறது. அந்த அம்மாளிடம் மாறாது என்று சொன்னது நான், காப்பாற்றும் இடத்தில் இப்போது இருப்பது நீங்கள். அந்த ஒட்டைத் திரும்ப வையுங்கள். வைத்த பிறகு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அது வரும்வரை நான் தூங்கப் போவதில்லை.